மயிலாப்பூர் மட்டும் வேண்டாம்

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று கிளைகள் வைத்திருந்த ரத்தப் பரிசோதனை லேபில், யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை வந்தது. ரிசப்ஷனுக்குப் பெயரும் பில்லும், டாக்டருக்கு அவரவர் கிளை ரிப்போர்ட், முதலாளி கோமதி மாமிக்கு எல்லாமே என்று வைத்தேன்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"மயிலாப்பூர் ரிப்போர்ட் மட்டும் என் கண்ணுல படப்படாது. எடுத்துடுங்கோ."

"முதலாளி நீங்களே பார்க்கலைன்னா எப்படி மாமி?"

"நான் அங்கேதானே குடியிருக்கேன்? தெருவுல யாருக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுண்டா, அவாளைப் பார்க்கறச்சே என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

இதென்ன வீம்பு என்று முனகிக்கொண்டே, அவர் பாஸ்வேர்டுக்கு அந்தக் கிளையைப் பூட்டினேன்.

அடுத்த வருஷம் என் அம்மாவுக்கு அங்கேதான் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட் மோசமாக வந்தது. விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் அம்மாவைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

ஒருநாள் மாடவீதிக் காய்கறிக் கடையில் மாமி எதிர்ப்பட்டார். "நல்ல முருங்கைக்காயெல்லாம் நீங்களே அள்ளிண்டுட்டா நான் எதை வாங்கறது?" என்று அம்மாவோடு சண்டைக்கு நின்றார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ரிப்போர்ட் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பையைப் பிடித்தபடியே மாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.