எட்டாம் எண் தகடு

இது நடந்தது. கேட்டவர்கள் எல்லாரும் "பனியில மூளை குழம்பியிருக்கும்" என்றார்கள். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எப்படிக் குழம்பும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நேரமெல்லாம் அன்றே என் நோட்டில் குறித்தவை. மனைவியும் இதைப் படித்துவிட்டாள். நான் கூட்டி எழுதியிருந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

நான் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவன். நிமிடக் கணக்கு இல்லாமல் எனக்கு எங்கேயும் கால் எழாது. மனைவிக்கு முட்டியில் அறுவை முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நடக்கலாம், செங்குத்தாக ஏறக் கூடாது என்றார் டாக்டர். ஆகவே மலை விடுதியில் மூன்று நாள், நாளுக்கு ஒரு நடை, ஆறு கிலோமீட்டரைத் தாண்டாமல் திட்டம் போட்டேன். தண்ணீர் குடிக்க நான்கு நிமிடம் என்பதுவரை அதில் இருந்தது.

"மூச்சு விட எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க மாமா?" என்றான் கூட வந்த மச்சினன். மனைவியின் தம்பி. அவனுக்கு என்னைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

விடுதியின் அலுவலறையில் ஒரு பலகை இருந்தது. வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு தகரத் தகடு, அதில் ஓர் எண். நடக்கப் போகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும்.

"ஆணி காலியா இருந்தா ஆள் மலையில இருக்காங்கன்னு அர்த்தம்," என்றார் விடுதிக்காரர். தொண்டை கட்டியது போன்ற குரல். "சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பார்ப்பேன். காலியா இருந்தா தேடிக் கிளம்பிடுவேன். மறக்காம மாட்டிடுங்க சார்."

எனக்கு ஏழு. மனைவிக்கு எட்டு. மச்சினனுக்கு ஒன்பது.

முதல் நாள் நடை அட்டவணைப்படி முடிந்தது. மாலை 4:15க்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் 6:40க்குக் கிளம்ப வேண்டும். அலுவலறையோ ஏழு மணிக்குத்தான் திறக்கும். டிப்போவில் விடிகாலை வண்டிக்கு முந்தின நாளே சாவியை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தப் புத்தி எங்கே போகும்? மூன்று தகடுகளையும் மாட்டாமல் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். விடுதிக்காரர் அன்று சாமான் வாங்கக் கீழே போயிருந்தார், கேட்க ஆளில்லை. இருபது நிமிடம் மிச்சம் பிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டாம் நாள் நடையின் பாதி வழியில், மலை விளிம்பில், இளைப்பாறுவதற்கென்று கல்லால் கட்டிய ஒற்றை அறை உண்டு. ஒரு கதவு. ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். 8:35க்குப் பனி இறங்கியது. 8:50க்கு, நீட்டிய கையின் விரல்கள் எனக்கே தெரியவில்லை. தட்டுத் தடுமாறி 9:02க்கு உள்ளே நுழைந்து தாழ் போட்டோம். வெளியே ஓர் அடி தப்பினாலும் பள்ளம். மனைவியின் முட்டி வேறு வீங்கத் தொடங்கியிருந்தது. பனி விலகும்வரை அசைய வழியில்லை.

9:20. விசில் சத்தம். சுருக்கமாக மூன்று முறை.

பிறகு கல்லில் கைத்தடி ஊன்றும் சத்தம். டொக்... டொக்...

"விடுதிக்காரர்தான். தேடி வந்துட்டார்," என்றான் மச்சினன்.

எனக்கு எங்கோ இடித்தது. சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தானே பார்ப்பேன் என்றார்? அதோடு, சத்தம் விடுதிப் பக்கமிருந்து வரவில்லை. பள்ளத்துப் பக்கமிருந்து வந்தது.

"எட்டு... எட்டாம் நம்பர்... இருக்கீங்களா?"

மென்மையான குரல். தொண்டை கட்டாத குரல்.

நான் தடுப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள். "இங்கதான் இருக்கோம்."

டொக் நின்றது.

"நேத்து சாயந்திரத்துலேர்ந்து தேடறேம்மா."

நேற்று சாயந்திரம் நாங்கள் வெந்நீரில் குளித்துவிட்டு மெத்தையில் கிடந்தோம். மலையில் யாருமில்லை. ஆனால் பலகையில் மூன்று ஆணிகள் காலி.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். யாரோ விளக்கை ஏந்தி நடக்கிறார்கள். டொக்... கதவு. டொக்... பக்கச் சுவர். டொக்... பின்சுவர். மறுபடி ஜன்னல். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு நாற்பது விநாடி.

அடுத்த ஒன்றரை மணி நேரமும் எல்லாச் சுற்றும் நாற்பது.

பிறகு ஒரு சுற்று முப்பது.

தாழ் அசைந்தது. மச்சினன் கதவில் தோள் கொடுத்து நின்றான்.

"வாங்கம்மா... முட்டி வலிக்குமே. நான் தூக்கிக்கறேன்."

விடுதியில் யாரிடமும் நாங்கள் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

"இனிமே வாயைத் திறக்காதே," என்றேன் அவள் காதில். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபது விநாடி.

பதினைந்து.

பத்து...

11:06. நின்றது.

11:15க்குப் பனி விலகியது. விடுதிப் பக்கமிருந்து கரகரத்த குரல் கூப்பிட்டது. நிஜ விடுதிக்காரர். காலையில் திரும்பி வந்து பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். நாங்கள் வெளியே வந்தோம். நான் அறையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். முடியவில்லை. பின்சுவர் பள்ளத்தின் விளிம்பிலேயே எழும்பியிருந்தது. அதற்கு வெளியே கால் வைக்க இடமே இல்லை.

விடுதிக்குத் திரும்பி, விசிலையும் குரலையும் பற்றி அவரிடம் சொன்னோம். அவர் முதலில் தகடுகளைத் தன் கையால் மாட்டினார். பிறகு சொன்னார். பதினாலு வருடத்துக்கு முன் தன் வேலையில் வேறொருவர் இருந்தாராம்.

"நடக்க வந்த ஒரு அம்மா தகட்டைக் கைப்பையில போட்டுக்கிட்டு, மறந்து ஊருக்கே போயிட்டாங்க. இவர் காலி ஆணியைப் பார்த்தார். முட்டி சரியில்லாத அம்மாவாச்சேன்னு பதறி, விளக்கை எடுத்துட்டுப் போனார். நாலாம் நாள் அந்த அறைக்குப் பின்னாடி பள்ளத்துல கிடைச்சார்."

"அந்தத் தகடு?"

"அப்புறம் தபால்ல வந்துச்சு. மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு சீட்டோட." பலகையைக் காட்டினார். எட்டு.

"கூப்பிட்டப்போ யாரும் பதில் சொல்லலையே?" என்று கேட்டார். "சொல்லாட்டி தேடிக்கிட்டே இருப்பார், அவ்வளவுதான். சொல்லிட்டா, கண்டுபிடிச்சுட்டோம்னு நினைச்சுப்பார். கூட்டிட்டுப் போகாம விட மாட்டார்."

மனைவி என்னைப் பார்த்தாள். "இல்லை," என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் நடையை ரத்து செய்துவிட்டு அன்றே வீடு திரும்பினோம். எங்கள் வீடு நான்காம் மாடி. ஜன்னலுக்கு வெளியே வெறும் சுவர். கால் வைக்க இடமில்லை.

போன செவ்வாய்க்கிழமை, காலை 9:20. விசில். சுருக்கமாக மூன்று முறை.

இப்போது தினமும் வருகிறது. ஜன்னல், பக்கச் சுவர், பின்சுவர், கதவு. அந்த நேரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

நேற்று ஒரு சுற்றுக்கு நாற்பது விநாடி. இன்று முப்பது.