ஐயாயிரம் போட்ட பேட்டரி

மாத்தளை டவுனில் கல்யாணமோ கடைத் திறப்போ, போட்டோவுக்கு இத்ரூஸைத்தான் கூப்பிடுவார்கள். படம் சுமாராக இருந்தாலும் பேச்சு பிரமாதமாக இருக்கும். அதிலும் பேட்டரியைப் பற்றி ஆரம்பித்தால் மாப்பிள்ளையே பெண்ணை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய ஃபிளாஷுக்கு நாலு பேட்டரி வேண்டும், சார்ஜ் பண்ணிப் பாவிக்கிற வகை. மின்கொள்ளளவு இரண்டாயிரம் என்று அச்சடித்த பழைய நாலும் ஒழுங்காகத்தான் உழைத்தன. ஆனால் தம்புள்ளையில், மரக்கறி லொறிகளுக்குப் பக்கத்தில் விரித்திருந்த நடைபாதைக் கடையில், ஐயாயிரம் போட்ட தங்கநிறப் பேட்டரிகளைக் கண்டுவிட்டார். கூடவே, கால் மணித்தியாலத்தில் சார்ஜ் ஏற்றும் சார்ஜர். இரண்டையும் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் போல வீடு வந்தார். பழையவற்றை மச்சானுக்குத் தானம் பண்ணினார்.

சார்ஜரில் பச்சை லைட் எரிந்ததும் மனைவி றஸ்மியா ஒன்றைத் தொட்டுவிட்டு விரலை உதறினாள்.

"என்னங்க, அவிச்ச முட்டை மாதிரி சுடுது! பாரமே இல்லியே, உள்ளுக்கு ஏதும் இருக்கா?"

"பவர் உள்ளதுதான் சுடும். புது டெக்னாலஜி, பாரம் இருக்காது."

மறுநாள் கலேவெலயில் வியாபாரிகள் சங்கத்தின் புது மண்டபத் திறப்பு. தலைவர் பதுர்தீன் ஹாஜியார் கத்தரிக்கோலோடு உள்வாசலில் நின்றார். அங்கே ஒரே இருட்டு. பரீட்சைக்கு இரண்டு தரம் அடித்த ஃபிளாஷ், ரிப்பன் அறுந்தபோது அடிக்கவில்லை.

"படம் விழுந்துச்சா தம்பி?"

"இன்னொருக்கா வெட்டினா நல்லா இருக்கும், ஹாஜியார்."

முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். ஹாஜியார் வெட்டினார். மறுபடியும் ஃபிளாஷ் அடிக்கவில்லை. இன்னொரு முடிச்சு விழுந்தது. இம்முறை ஃபிளாஷ் தயார் என்று காட்டும் சிவப்பு லைட் எரியும்வரை வெட்டாமல் சிரித்தபடி நிற்கச் சொல்லி இத்ரூஸ் கெஞ்சினார். ஹாஜியார் நின்றார். சிரிப்பு மெல்ல மெல்ல முறைப்பாயிற்று. உள்ளே புரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாத சிலர் ரிப்பனுக்கடியில் குனிந்து சாப்பிடப் புறப்பட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் லைட் எரிந்தது. ஒரே ஒரு படம் விழுந்தது.

படத்தில் ரிப்பனுக்கு இரண்டு முடிச்சு, ஹாஜியாருக்கு இரண்டு பக்கமும் குனிந்த முதுகுகள். இத்ரூஸ் அதையே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சனம் எவ்வளவு மரியாதையா குனிஞ்சு நிக்குது, பாத்தியா! பெரிசாக்கி ஃப்ரேம் போடு."

அவருடைய சிபாரிசில் மேலும் இரண்டு திறப்புவிழா கிடைத்தது. இத்ரூஸ் சத்தமில்லாமல் கண்டிக்குப் போய், சின்ன நம்பர் போட்ட, கையில் கனக்கிற பேட்டரிகளும் ஆற அமரச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரும் வாங்கி வந்தார். றஸ்மியா ஒன்றைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள். அவள் கேட்குமுன்பே அவர் சொன்னார்: "அந்தத் தங்கநிறப் பேட்டரியாலதானே இவ்வளவு ஓடர் கிடைச்சது!"