ஓரகத்தி கட்டிய மறைப்பு

ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் நினைத்தவள் நான்தான். என் ஓரகத்தி அல்ல. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரலெல்லாம் சிப்பி கிழித்த வெட்டு. பார்க்கப் பொறுக்காமல் பொன்னேரிக்குப் போய் ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தேன். "அக்கா, அக்கா" என்று உருகினார்கள். ஒரு வாரம் என் நடையே மாறிப்போனது.

ஓரகத்தி செய்தது என்ன? கரையில் ஏற்றிவைத்த படகுக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவே தினமும் மதியம் ஒரு பழைய புடவையைக் கட்டிவிட்டு, பிறகு அவிழ்த்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவாள். ஏரியிலிருந்து வருகிறவர்கள் அதன் மறைவில் துணி மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவார்கள். அவ்வளவுதான். அதற்கு ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கிழிசல் புடவைக்கு இவ்வளவா?

அவள் காய்ச்சலில் படுத்த அன்று மதியம் கரைக்குப் போனேன். மறைப்பு இல்லாமலும் அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு அது போதும்.

அந்தப் பெண்கள் ஆறு பேரும் ஈரத்தோடு படகை ஒட்டி ஒடுங்கி நின்றார்கள். ரோட்டில் ஆண்கள். ஒரு ஆட்டோ போனது, இன்னொன்றும் போனது. யாரும் ஏறவில்லை. புடவை வருவதற்கு முன்னால் தினமும் இப்படித்தான் பொழுது சாயக் காத்திருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கையுறை போடலயா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

"அத்த போட்டா இறாலு மீச தட்டறதே தெர்லக்கா. அன்னிக்கே கழட்டிட்டோம்" என்றாள் ஒருத்தி, நடுங்கிக்கொண்டே. "அடுப்புல சட்டி எறக்கத்தான் ஆவுது."

வீட்டுக்கு ஓடி, பீரோவிலிருந்து என் பட்டுப்புடவையை எடுத்து வந்தேன். அதிலாவது ஓரகத்தியை மிஞ்ச வேண்டாமா! பட்டு முடிச்சில் நிற்காமல் வழுக்கியது. முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நானே கம்பமாக நின்றேன்.

"அந்தக்கா அனுப்சாங்களா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்குள் எல்லாரும் மறைவுக்குள் போயிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"நாளைக்கு அவங்க வந்துடுவாங்க இல்லக்கா?"