இரண்டு ரைபிளும் ஒரு கையெழுத்தும்

இன்று லண்டன் குட்மேய்ஸில் உள்ள தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் உறுப்பினரான அண்ணை ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கிளப்பில் வரவுப் பதிவேடு எழுதுவது நான்தான்.

"தங்கச்சி, லைசென்ஸ் புதுப்பிக்கப் பொலிஸ் வரப்போகுது. மாதா மாதம் சுட வாறனான் எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருமன்."

"நீங்கள் கிளப்புக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேலை ஆகுது, அண்ணை."

"என்னட்டைச் சொந்தமா ரெண்டு ரைபிள் இருக்கு. உம்மட்டை ஒண்டும் இல்லை. இதிலை ஆர் ஷூட்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான். நான் கிளப் ரைபிளை இரவல் வாங்கித்தான் ஞாயிறு தவறாமல் சுடுகிறேன்.

"நீங்கள் வச்சிருக்கிறியள். நான் சுடுறன். வராத ஆளை வந்ததெண்டு எழுத ஏலாது, அண்ணை."

அவர் முகம் சுருங்கியது. ஒழுங்காகச் சுடாதவருக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள்; லைசென்ஸ் போனால் இரண்டு ரைபிளும் போய்விடும்.

ஒரு முருங்கைக்காயை எடுத்துப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "ஞாயிறு எத்தினை மணிக்குத் திறப்பியள்?"

"ஒன்பதுக்கு. வாங்கோ, முதல் பேரா எழுதிறன்."

சுடாமலே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, அலுமாரியில் பூட்டி வைப்பதும் நல்ல பொழுதுபோக்குத்தான். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.