கடல் இல்லாத நாட்டிலிருந்து வந்த பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதம் அது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் இந்தச் சம்பவம் ஆரம்பித்தது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன், கறி எதுவும் கிடையாது. அதனால், வழக்கமாக மீன் கொண்டுவருகிறவள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும், உள்ளே இருந்தபடியே, "இந்த மாசம் வேணாம்னு போன வாரமே சொன்னேன்ல?" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

"மீன் கொண்டாரல டீச்சரம்மா" என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். தலையில் கூடை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் வைத்திருந்தாள். "எந்தம்பி போயிட்டான்" என்று சொல்லிவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கடலூர் முதுநகரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு மீனவக் கிராமம். காலை ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் வந்து எங்கள் தெருக்களில் விற்றுவிட்டுப் போவாள். பத்து வருடப் பழக்கம். அப்பா, அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டில் ஏறினாலே வாந்தி எடுப்பான் என்று சிரிப்பாள். அவன் சமையல் வேலை கற்றுக்கொண்டு, யார் யாரையோ பிடித்து, ஐரோப்பாவில் ஒரு மலை மேல் இருக்கும் ஹோட்டலுக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் போன் செய்வான். திங்கட்கிழமை மீனை நறுக்கிக்கொண்டே இவள் அதை என்னிடம் ஒப்பிப்பாள். அந்த நாட்டில் கடலே இல்லையாம், மலை உச்சியில் நின்றால் தூரத்தில் கடல் தெரியுமாம், ஆனால் அது அடுத்த நாட்டுக்காரன் கடலாம். கடலூரில் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டை வந்து சேர்வதற்குள் அந்த நாடே முடிந்துபோகுமாம். ரயிலும் இல்லையாம், விமானம் இறங்க இடமும் இல்லையாம். நான் 'ம்' கொட்டிக்கொண்டு, செதில் சரியாக எடுத்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தம்பிதான் ஹோட்டல் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து விழுந்து இறந்துவிட்டான். வயது முப்பத்து மூன்று. கூட வேலை பார்த்த ஒரு மலையாளிப் பையன் போன் செய்து சொல்லியிருக்கிறான். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் வீட்டார் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், நம் அரசாங்கத்துக்கும் மனு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். மனு என்றால் எங்கள் தெருவில் நான்தான். யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் மாற்ற வேண்டுமானாலும், பென்ஷன் வரவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஊர்ல ஒரு போட்டும் கடலுக்குப் போவல டீச்சரம்மா. சாவு உழுந்தா, எடுத்து அடக்கம் பண்ற வரைக்கும் எறங்க மாட்டாங்க. அவன் எங்கியோ செத்தாலும் நம்ம ஊர்ப் புள்ளதானேன்னு நாட்டாருங்க சொல்லிட்டாங்க" என்றாள். நாட்டார் என்பது அவர்கள் ஊர்ப் பெரியவர்கள். பிறகு மெதுவாக, "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவன் மூஞ்ச ஒரு தடவ பாத்துடணும். அஞ்சு வருசமா போன்லயே பாத்துக்கினு இருக்கேன்" என்றாள்.

"ஒரு வாரத்துல வந்துடும், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு, எந்த நாடு என்று கேட்டேன்.

"சான் மரினோ."

"அது ஊர் பேரு. நாடு இத்தாலி."

"இல்லீங்க, அது தனி நாடுன்னுதான் சொல்லுவான். சுத்தி இத்தாலி, நடுவுல இவுங்க. ராஜாங்கம் தனி. ஒரே நேரத்துல ரெண்டு தலைவருங்க இருப்பாங்களாம். ஆறு மாசம் ஆனா மாத்திடுவாங்களாம்."

நான் சிரித்தேன். தம்பியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் முன்னால் சிரித்தேன். நான் சமூக அறிவியல் டீச்சர். உலக வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் என்று மார்தட்டுகிறவள். இத்தாலிக்குள் இருக்கும் தனி நாடு எது என்று வருடா வருடம் வகுப்பில் கேட்பேன். வாடிகன் என்று சொல்லாத பிள்ளையை நிற்க வைத்திருக்கிறேன். எனக்கு இவள் பாடம் எடுப்பதா என்று தோன்றிவிட்டது.

"ஒரு ஊருக்கு ரெண்டு தலைவரா? உங்க ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி எதையோ சொல்லியிருப்பான், நீ நாடுன்னு நெனச்சுக்கிட்டே. இருபது வருஷமா இதைத்தான் நான் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?" என்று அதட்டினேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்க. நீங்க சொன்னா சரி" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

'இத்தாலி நாட்டில், சான் மரினோ என்ற ஊரில்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். சம்மதக் கடிதத்திலும் அப்படியே அடித்தேன். பக்கத்திலேயே செல்போன் இருந்தது. அதில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் போதும். தட்டவில்லை. கடிதத்தை இத்தாலிய அரசாங்கத்துக்கு என்று எழுதி, கையெழுத்து வாங்கி, எங்கெங்கே அனுப்ப வேண்டுமோ அங்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மத்தியானம் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. எட்டாம் நாள் ரோமிலிருந்து நம் தூதரக அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். இத்தாலிக்குள்ளேயே அந்தப் பெயரில் சில ஊர்கள் இருக்கின்றன, எதிலும் அப்படி ஒருவர் இறந்ததாகப் பதிவே இல்லை, ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், சரியாக எங்கே என்று சொல்லுங்கள் அம்மா என்றார். அவரிடம் பேசிவிட்டு வைப்பதற்குள் மலையாளிப் பையன் கூப்பிட்டுவிட்டான். இங்கே கொடுத்த சம்மதக் கடிதத்தைத் திருப்பிவிட்டார்கள், இது வேறு நாட்டு அரசாங்கத்துக்கு எழுதியது, இதை வைத்து எங்களால் உடலை விட முடியாது என்கிறார்கள் என்றான்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் தேடினேன். சான் மரினோ குடியரசு. நாலு பக்கமும் இத்தாலி சூழ்ந்த ஒரு மலை நாடு. மொத்தமே அறுபத்தொரு சதுர கிலோமீட்டர். முப்பதாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பு ஒரு கல்தச்சர் அந்த மலையில் வந்து ஆரம்பித்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். தனிச் சட்டம், தனிக் கோர்ட், தனி போலீஸ். சம அதிகாரத்தோடு இரண்டு தலைவர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றம். பதவி முடிந்ததும், அவர்கள் செய்த தப்பை ஜனங்கள் எழுதிக் கொடுக்கலாம், விசாரிப்பார்கள் என்றுகூடப் போட்டிருந்தது. அந்தத் தம்பி போனில் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை.

மறுநாள் புதுக் கடிதத்தோடு பஸ் ஏறி அவள் ஊருக்கே போனேன். கடற்கரை முழுக்கப் போட்டுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. பகல் பத்து மணிக்கு அந்த ஊரில் அத்தனை ஆண்களும் கரையில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கிழியாத இடத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் எனக்குப் பால் இல்லாத டீ கொடுத்தார்கள். பால் வாங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வயதான நாட்டார் ஒருவர், "ஏன் டீச்சர் இம்மாந் தாமசம்?" என்று கேட்டார்.

"அங்க லேட் பண்றாங்க" என்று சொன்னேன்.

அப்படித்தான் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொல்ல அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய் அன்றைக்குச் சுருங்கிவிட்டது.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் எத்தினி நாளு?" என்றாள். ஒரு வாரத்துக்குக் குறையாது என்றேன். பிறகு எழுந்து நேராக நாட்டாரிடம் போனாள்.

"நாளைக்கு எறக்குங்க மாமா."

"அது எப்படிம்மா? ஆளு இன்னும் வந்து சேரலியே. ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் அவர்.

"அவன் வர்றதுக்குள்ள புள்ளைங்கல்லாம் பட்டினி கெடக்கணுமா? ஒம்போது நாளு இருந்துட்டீங்க. எந்தம்பிக்கு அது போதும். போங்க மாமா, நான் சொல்றேன்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊர் தன் தம்பிக்காகக் காத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆறுதல். என்னால் அதையும் அவளே தன் வாயால் விட்டுக்கொடுத்தாள். நான் பக்கத்தில் கையில் பேப்பரோடு நின்றேன்.

புதுக் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தது செப்டம்பர் முப்பது சாயங்காலம். அக்டோபர் ஒன்று அவர்களுக்கு விடுமுறை, பழைய தலைவர்கள் இறங்கிப் புதுத் தலைவர்கள் ஏறுகிற நாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. என் ஒரு வரியில் போன நாட்களைத்தான் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் சென்னையிலிருந்து வண்டி வந்தது. நான் முதல் நாளே போய் அங்கே தங்கியிருந்தேன். ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். போன் போட்டதில், கிடைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். சிலருக்கு டவர் கிடைக்கவில்லை. பெட்டி முழுக்க அடைத்து ஈயம் வைத்துப் பூசியிருந்தது. கூட வந்த பேப்பரை என்னிடம்தான் நீட்டினார்கள். நாளாகிவிட்டதால் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. அதை நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதுல எது தலமாடு, எது காலுமாடு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரருக்கும் தெரியவில்லை. அங்கே நின்ற ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு பக்கமாகக் குத்துமதிப்பாக உட்கார்ந்து, பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், இன்னொரு பக்கத்திலும் அதே மாதிரி வைத்துக்கொண்டாள். நான் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஐப்பசி பாதியில் அவள் மறுபடி கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். அந்த ஒரு மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. மீனைக் கூடையிலிருந்து எடுக்கவே விடாமல், வாசலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே யாரும் தாமதம் செய்யவில்லை, நாட்டின் பெயரைத் தப்பாகப் போட்டது நான்தான், உன் ஊர்க்காரர்களிடம் பொய் சொன்னதும் நான்தான் என்றேன். திட்டுவாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"தெரியும் டீச்சரம்மா" என்றாள். "அந்த மலையாளத் தம்பி அப்பவே போன்ல சொல்லிட்டுது."

"தெரிஞ்சுமா என்னை ஒண்ணும் கேக்கல?"

"உங்களக் கேட்டு இன்னா ஆவப்போவுது? எனக்கு எம்மேலதான் கோவம். அது தனி நாடுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அஞ்சு வருசமா வாராவாரம் எங்கிட்ட சொன்னவன் அவன். பொய் பேசத் தெரியாது அவனுக்கு. நீங்க ஒரு அதட்டு அதட்டுனதும், படிச்சவங்க சொல்றாங்களேன்னு வாய மூடிக்கினேன். எந்தம்பி பேச்ச நானே நம்பாத மாதிரி ஆயிடுச்சுல்ல? அவன் மூஞ்சியப் பாக்க விடாம பண்ணதே நான்தாம்மா."

இல்லை, இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், ஆனால் என் பேச்சு அவளுக்குள் போகவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதும் வாரம் இரண்டு நாள் வருகிறாள், நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறாள். தப்பைச் செய்தது நான். ஆனால் அன்றைக்கு அவளை அடக்கிய என் அதட்டலை மட்டும் நம்பியவள், நான் கெஞ்சிச் சொல்லும் இந்த ஒரு உண்மையை இன்றுவரை நம்ப மறுக்கிறாள்.