திரையில் தெரியாத கால்கள்

படங்களில் ஓடுகிற, நடக்கிற, நொண்டுகிற கால்களின் சத்தத்தில் பாதிக்கு மேல் அவருடையதுதான். ஸ்டூடியோவுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே மணலிலும் பலகையிலும் கல்லிலும் நடப்பது அவர் பிழைப்பு. எல்லோருக்கும் அவர் 'காலண்ணன்'. அந்தத் தொப்பையோடு ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு கதாநாயகிக்கு நடப்பதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிரிப்பு வராது, கதாநாயகிதான் வருவாள்.

ஒரு படத்தில் இப்படி ஒரு காட்சி. பிரிந்துபோன மனைவி வீடு திரும்புகிறாள். இயக்குநர் அவளைக் காட்டவே இல்லை. கேமரா கணவனின் முகத்தை விட்டு நகராது. பின்னணி இசையும் கிடையாது. வருவது அவள்தான் என்று காலடிச் சத்தம் மட்டுமே சொல்ல வேண்டும்.

காலண்ணன் செருப்பை மாற்றி மாற்றிப் பதினோரு தடவை நடந்தார்.

"யாரோ வர்றாங்கண்ணே. பொண்டாட்டி வரல," என்றார் இயக்குநர். "வீட்ல அண்ணி எப்படி நடப்பாங்க? அப்படி நடங்களேன்."

காலண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தவளின் நடை ஞாபகத்துக்கு வரவில்லை. ஊரார் காலுக்கெல்லாம் சத்தம் கொடுத்த மனுஷன்! "நான் பேசினா மட்டும் உங்க காது அடைச்சுக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் சொன்னதில் என்ன தப்பு?

மறுநாள் காலை அந்த வீட்டு மணியை அடித்தார். உள்ளே நடை கேட்டது. வலது கால் அழுத்தமாக, இடது கால் லேசாக இழுத்தபடி. அவளேதான்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் கதவருகே வந்து நின்றது.

"யாரு?"

"நான்தான்."

கதவு திறக்கவில்லை.

"வேலை விஷயமா வந்தீங்களா?"

அவளிடம் அவருக்கு என்றைக்குமே பொய் சொல்ல வராது.

"அதுக்குத்தான் வந்தேன். இப்ப அதுக்கில்ல."

அந்த நடை திரும்பி உள்ளே போனது. போகும்போது இரண்டு தடவை நின்றது. நின்றபோதெல்லாம் காலண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மதியமே அந்த நடையை அப்படியே, அதே இடங்களில் நின்று நின்று, மைக்கை நோக்கி நடந்தார்.

"இவங்கதாண்ணே!" என்று இயக்குநர் எழுந்தே விட்டார்.

படம் வெளியானதும் தியேட்டரில் போய் உட்கார்ந்தார். அந்தக் காட்சியில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "வந்துட்டா, வந்துட்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலண்ணனும் அழுதார். அது திரும்பிப் போன நடை என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.