சுதியில் நின்ற அம்மா

பேத்தியைப் பாட்டு வகுப்பில் விட ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சுதிப்பெட்டி ஒலித்ததும் அம்மா நினைவு வந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே நாற்பது தறி போட்டவன் நான். துணிச்சலில் அவளுக்குக் கீழேதான்.

நான் சிறுவனாக இருந்தபோது அம்மா இராஜபாளையத்தில் நூல் மில் வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு ஸ்டெல்லா டீச்சரிடம் பாட்டுப் படிக்கப் போனாள். நானும் கூடப் போனேன். மெஷின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. முதல் 'ஸா'வுக்கே பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தலை குனிந்தேன். அம்மா எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கக்கா," என்ற டீச்சர் பிள்ளைகளிடம் திரும்பினார். "ஏலே, அக்கா சுதியில நிக்காக. உங்கள்ல ஒருத்தராவது நின்னியளா?"

அம்மா உட்கார்ந்தாள். "அப்ப இன்னுஞ் சத்தமாப் பாடவா டீச்சர்?"

எனக்கு இப்போது அறுபத்தெட்டு. பேத்தியின் பாட்டு வாத்தியாரிடம் கேட்டேன்: "தம்பி, எம்புட்டு வயசு வரைக்கும் சேத்துக்கிடுவிய?"